குறைந்த எடையில் நிலைத்திருத்தல்: தர்மபுரிப் பெற்றோரின் பாடு

வறட்சி, மானாவாரி வேளாண்மை, பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்லும் குடும்பங்கள் என்ற அடையாளங்களோடு நெடுங்காலம் பேசப்பட்ட தர்மபுரி மாவட்டத்தில், உடல் எடை மிகுவதைப் பற்றிக் கவலைப்படும் காலம் வரும் என்று, 1965இல் சேலத்திலிருந்து அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. இன்று அக்கவலை மாநிலம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 28.2 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவர்களாகக் கணக்கிடப்பட்டனர். 2019-21ஆம் ஆண்டின் ஆய்வில் அவ்வெண்ணிக்கை முறையே 40.4, 37.0 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வாய்வு எடுத்துக்கொண்ட 15 முதல் 49 வரையிலான வயது பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயது என்பதால், மிகை எடை என்பதைப் பெற்றோரின் அன்றாடத்தோடு சேர்த்துப் பார்ப்பதே முறை.

மிகை எடையை மருத்துவம் உடல் நிறை குறியீட்டெண் என்னும் அளவால் அறிகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 158 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒரு தாய்க்கு அது 26 ஆகும். மேலே கண்ட ஆய்வு 25ஐயே வரம்பாகக் கொண்டது. ஆனால், இந்திய உடல்களில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நீரிழிவுக்கு வழிவகுப்பதால், 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும் 25ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்துக்கொண்டனர். இதைவிட எளிய அளவு இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தையற்காரரின் அளவு நாடாவைச் சுற்றிப் பார்க்கையில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் அது எட்டினால் கவனம் தேவை. கை கால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு இப்பகுதியில் அரிதன்று. அத்தகையோரை எடைக் கருவி ஏமாற்றிவிடும், நாடா ஏமாற்றாது.

எடை ஏறிய வரலாற்றை வெறும் உணவுப் பெருக்கமாகச் சொல்வது முழுமையாகாது. கேழ்வரகும் சாமையும் விளைந்த கொல்லைகளில் குனிந்து களையெடுத்தும், தண்ணீருக்கும் விறகுக்கும் நடந்தும் கழிந்த உழைப்பு, குழாய்நீரும் எரிவாயு உருளையும் இரு சக்கர வண்டியும் வந்த பின்னர்க் குறைந்தது. அது நியாயமான விடுதலையே, அதற்காக வருந்துவோர் பெரும்பாலும் அந்தக் குடத்தைச் சுமந்தவர்களாக இருப்பதில்லை. அதே காலத்தில் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு நிறுவன வாகனத்தில் சென்று, ஷிப்ட் முடியும்வரை ஒரே இடத்தில் நின்றோ அமர்ந்தோ பணி செய்து திரும்பும் வேலைமுறை பரவியது. 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்ததும் பசியைப் பெருமளவு போக்கியது. ஆனால் தட்டில் சோறு குவிந்த அளவுக்குப் பருப்பும் காயும் சேரவில்லை.

சோறு பெருகியபோது கேழ்வரகுக் களி பின்வாங்கியதற்கு நாகரிக மோகமே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. சமையற்கட்டில் நின்று பார்த்தால் நேரமே பெரிய காரணமாகத் தெரியும். உலையில் சிறிது நொய்யரிசியை வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, மூடி வெந்த பின் பானையை இறக்கி, அது அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டி தட்டாமல் கட்டையால் கிண்டி, சூடு ஆறுமுன் ஈரக்கையால் உருட்டி வைக்கும் வேலைக்குத் தோள்வலிமையும் முழுக் கவனமும் வேண்டும். குக்கரில் அரிசியை வைத்து மூன்று விசில் வருவதற்குள் பிள்ளைக்குத் தலை பின்னிவிடலாம், களி கிண்டும்போது அது ஆகாது. வேலைக்குச் செல்லும் பெண்ணின் காலை நேரம் அரிசியின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

களிக்குத் திரும்பினால் எடை தானே குறையும் என்பதும் சரியான கணக்கன்று. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கிலோகலோரி ஆற்றலும் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 356 கிலோகலோரி ஆற்றலும் உள்ளன. கிலோகலோரி என்பது உணவு உடலுக்குத் தரும் ஆற்றலின் அலகு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியது. பெரிய வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது: கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச்சத்திலோ ஒப்பீடே இல்லை. கேழ்வரகில் 364 மில்லிகிராம், அரிசியில் பத்துக்கும் கீழ். நார் பசியைத் தள்ளிப்போடும் என்பதும் கீரைக் கடைசலோ பச்சைப்பயற்றுக் குழம்போ இல்லாமல் களி தொண்டையில் இறங்காது என்பதும் உண்மையான நன்மைகள். ஆயினும் மூன்று உருண்டை களி மூன்று உருண்டை களிதான். 2023இல் தர்மபுரி, நீலகிரி ஆகிய மாவட்டங்களில் குடும்ப அட்டைதாரர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியதால், மாவுக்கெனத் தனிச் செலவு செய்யாமல் வாரத்தில் சில வேளை களிக்கு மாறுவது எளிதாயிற்று. இரவில் மீந்த உருண்டையை நீரில் போட்டுவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிப்பது அடுப்பே மூட்டாத சிற்றுண்டி. காலைப் பரபரப்பில் எதையும் உண்ணாமல் கிளம்பி, பதினொரு மணிக்குப் போண்டாவில் பசியாறும் வழக்கத்துக்கு அது நல்ல மாற்று.

பெற்றோருக்கே உரிய சில காரணங்களும் எடையைக் கூட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கிலோகலோரியும் அடுத்த ஆறு மாதங்களில் 520 கிலோகலோரியும் தேவை. பால் குறைந்து குழந்தை சோற்றுக்கு மாறிய பின்னும் தாயின் தட்டு பழைய அளவிலேயே நிற்கும்போது, பேறுகால எடை கரையாமல் அடுத்த பேற்றின் எடையும் அதன்மேல் ஏறுகிறது. பிள்ளையின் தட்டில் மீந்த அரை இட்லி, கடைசி வாய்ப் பருப்புச்சோறு, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சைச் சாதம் ஆகியவை வீணாகக்கூடாதென்று தாயின் வாய்க்குப் போவதும் உண்டு. உணவை மதிக்கும் குடும்பத்தில் இது குற்றமன்று, ஆனால் கணக்கில் வராத ஒரு வேளை உணவாக அது தேறிவிடுகிறது. பிள்ளைக்கு முதலிலேயே குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுவதே இதற்குத் தீர்வு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்ததால், அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் காலை நேரம் சற்று இளகியிருக்கிறது. அந்த நேரம் பெற்றோரின் நடைக்குப் போகிறதா, கைப்பேசிக்குப் போகிறதா என்பது வேறு.

தூக்கத்தைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிகாகோவில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், குறைவாகத் தூங்கிப் பழகிய மிகை எடையாளர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாகத் தூங்கியபோது, உணவைப் பற்றிய எந்த அறிவுரையும் இல்லாமலேயே நாளுக்குச் சராசரியாக 270 கிலோகலோரி குறைவாக உட்கொண்டனர். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் இரவு ஷிப்ட் உள்ள வீட்டிலும் இந்த ஒரு மணி நேரம் எளிதில் கிடைக்காது. கணவனும் மனைவியும் இரவு விழிப்பைப் பங்கிட்டுக்கொள்ளாத குடும்பத்தில் தாயிடம் எடைக் குறைப்பைப் பேசுவது பாதிப் பேச்சே.

எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகின்றனர். இதை மன உறுதியின் குறையாகக் கருதுவது உடலியங்கியலை அறியாத பேச்சு. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தவர்களின் இரத்தத்தில் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் கூடியும், நிறைவை உணர்த்தும் லெப்டின் முதலியவை குறைந்தும் இருந்தன. ஓராண்டு கழிந்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவில் எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்றவர்களைக் கெவின் ஹால் என்னும் ஆய்வாளரின் குழு ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்து, அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் அவ்வளவு எடையுள்ள பிறரைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைந்திருந்ததை 2016இல் வெளியிட்டது. பஞ்சத்தைக் கண்டு பழகிய உடல், கொழுப்பு குறைவதைப் பஞ்சமாகவே எடுத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆகவே மூன்று மாத முயற்சிக்குப் பின் பழைய உணவுக்குத் திரும்பலாம் என்று எண்ணித் தொடங்குபவர் தொடங்கும்போதே திரும்பிவரும் எடைக்கும் வழி வைத்துவிடுகிறார். எந்த மாற்றத்தைப் பத்தாண்டுகள் தாங்க முடியுமோ, அதை மட்டுமே முதல் வாரத்தில் செய்வது அறிவுடைமை.

குறைத்த எடையைக் காத்தவர்களும் இருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ இழந்து ஓராண்டேனும் காத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை இயக்குகின்றனர், காலை உணவைத் தவிர்ப்பதில்லை, வாரம் ஒருமுறையேனும் எடை பார்க்கின்றனர், தொலைக்காட்சியைக் குறைவாகப் பார்க்கின்றனர். தாமாக முன்வந்து சேர்ந்த, வேறு நாட்டு மனிதர்களின் பட்டியல் அது என்பதை மறக்கலாகாது. தமிழ்நாட்டுக்கு நெருங்கிய சான்று சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் விளிம்பில் இருந்தோரில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவையும் உடலியக்கத்தையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடாக இருந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை என்பதுதான் அவ்வாய்வின் சுவையான செய்தி. எடைக் கருவியின் முள் அசையாத மாதங்களிலும் உடலுக்குள் நன்மை நடக்கிறது. முள்ளை மட்டும் பார்த்து மனம் சோர்ந்து கைவிடுபவர் அந்த நன்மையையும் சேர்த்தே கைவிடுகிறார்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருப்பதால், நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை இறங்கும்; போகப்போக இவ்வேகம் தளரும். இதில் டீக்கு ஒரு தனி இடம் உண்டு. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், பாலைச் சேர்க்காமலே 160 கிலோகலோரி ஆகிறது. ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்து செலவிடும் ஆற்றல் 130 கிலோகலோரியை ஒட்டியதே. எனவே எடையை இறக்குவதில் வாய்க்குப் பெரும்பங்கும், இறங்கிய எடையைக் காப்பதில் காலுக்குப் பெரும்பங்கும் உண்டு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசத்தைக் கொழுப்பு கரைக்கும் மருந்தாகக் குடிப்போர் உள்ளனர். கொள்ளு எதையும் கரைப்பதில்லை, ஆனால் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் கொண்ட அது, சோற்றின் அளவைக் குறைத்த தட்டில் வயிற்றை நிறைத்துத் தசையைக் காக்கிறது. ரசத்தில் தெளிவை மட்டும் இறுத்துக் குடிப்பதைவிடக் கடைந்தோ சுண்டலாகவோ பயற்றை முழுதாக உண்பதில்தான் அப்பயன் உண்டு.

நடைக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாத பெற்றோர் அதைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தாலும் பயன் குறையாது: நிறுவனப் பேருந்துக்கு வண்டியில் செல்லாமல் நடப்பது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியை நடையாக்குவது, இரவுணவுக்குப் பின் குடும்பமாகத் தெருக்கோடிவரை போய்வருவது என்று. கோடையில் இம்மாவட்டத்தின் வெயிலுக்கு விடியலும் அந்தியுமே ஏற்றவை. தெருவிளக்கு இல்லாத ஊர்களில் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து செல்வதே நடைமுறை. சந்தைப் பையைச் சுமப்பதும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பலமுறை எழுந்து அமர்வதும் தசைக்கான பயிற்சிகளே.

2025ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட் (மௌஞ்சாரோ), எடைக் குறைப்புக்கான செமாகுளூடைட் (வெகோவி) ஆகிய வாராந்திர ஊசிமருந்துகள் பசியைத் தணித்து எடையைக் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் செமாகுளூடைட்டை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதைப் பன்னாட்டு ஆய்வொன்று 2022இல் காட்டியது. கடும் உடற்பருமனும் நீரிழிவும் உடையோருக்கு இவை பெரும் உதவி. நான்கைந்து கிலோவுக்காக, மருத்துவர் கண்காணிப்பின்றி, விலை உயர்ந்த இந்த ஊசிகளை நாடுவது எவ்வகையிலும் பொருந்தாது. முயன்றும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டு சுரப்பி, மாதவிடாய்க் கோளாறு, உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

2004வரை தர்மபுரியோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடிவந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர். அவர்கள் வரும் நாளில் இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளலாம். எடைக் கருவி வீட்டில் இல்லாதோர் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில், வாரத்தில் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பார்ப்பது போதும். திருவிழாவும் திருமண விருந்தும் கழிந்த வாரத்தில் ஒரு கிலோ கூடுவது இயல்பு. அதில் பெரும்பகுதி உப்பாலும் மாவுச்சத்தாலும் தங்கிய நீர். தொடர்ந்து மூன்று நான்கு வாரங்கள் முள் இறங்காமல், காத்துவந்த எடையைவிட இரண்டு கிலோவுக்கு மேல் கூடி நின்றால்தான் மாலைப் பலகாரத்தையும் டீயின் சர்க்கரையையும் மறுபடி கணக்கெடுக்க வேண்டும். இரண்டு கிலோவில் தொடங்கும் திருத்தம் ஓரிரு மாதங்களில் முடியும், பத்துக் கிலோவாக வளரவிட்டால் ஓராண்டு பிடிக்கும்.