நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு எஃப்.சி. பார்ப்பது யார்?

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் வீடுகளில் எஃப்.சி. என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வண்டிக்கு 8 வயசு ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்துக் கொண்டுபோய் நிறுத்தினால், பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பார்வையிலேயே குறையைச் சொல்லிவிடுவார்.

சரி, கடலுக்குள் நிற்கும் கப்பலுக்கு?

நமக்கெதுக்குங்க கடல் என்று நினைக்கலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுவது போல, மும்பைக்கு மேற்கே கடலிலும் எண்ணெய்க்காகத் துளை போடுகிறார்கள். 1974-இல் அங்கே எண்ணெய் கிடைத்ததிலிருந்து இந்த வேலை நடக்கிறது. அந்த மேடைகளைப் பராமரிக்க வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், பெயின்டர், சமையல்காரர் எல்லோரும் வேண்டும். சேலத்தில் ஐடிஐ முடித்த தம்பிக்கு "ஆஃப்ஷோர் வேலை, நல்ல சம்பளம்" என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால், அவர் தூங்கி எழப்போவது இப்படியொரு கப்பலிலோ பார்ஜிலோதான். பார்ஜ் என்பது தட்டையான மிதவைக் கலம். பலவற்றுக்குச் சொந்த இன்ஜினே கிடையாது.

2021 மே மாதம் டவ்தே புயலில் மாட்டிய பி-305 அப்படிப்பட்ட தங்கும் பார்ஜ்தான். அதில் 261 பேர் இருந்தார்கள். நங்கூரங்கள் பிடி விட்டதும் அது அடித்துச் செல்லப்பட்டு, ஆளில்லாத எண்ணெய் மேடை ஒன்றில் மோதி, மே 17-ஆம் தேதி மூழ்கியது. அதே புயலில் வரப்ரதா என்ற இழுவைப் படகும் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 86 பேர் இறந்தார்கள். கடற்படை 188 பேரை மீட்டது. உயிர்காக்கும் மிதவைகள் பலவும் ஓட்டையாக இருந்ததால் பயன்படவில்லை என்று தப்பி வந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். ஒரு மிதவை ஓட்டையாக இருக்கிறது என்பதைப் புயல் வரும் முன்பே கண்டுபிடிக்க வேண்டிய ஆள்தான் ஆய்வாளர்.

அரசுத் தரப்பில் கப்பல் போக்குவரத்து இயக்குநரகமும், அதன் கீழ் சென்னை போன்ற துறைமுக நகரங்களில் இருக்கும் வணிகக் கடல்துறை அலுவலகங்களும் இந்தியக் கப்பல்களைச் சோதிக்கின்றன. இங்குள்ள சர்வேயர்கள் யுபிஎஸ்சி வழியாகத் தேர்வாகிறவர்கள். கடலில் அதிகாரியாக வேலை பார்த்த அனுபவம் வேண்டும். கப்பலின் உடலும் இயந்திரமும் தரமாக இருக்கிறதா என்று இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்பாட்டுச் சங்கங்கள் பார்க்கின்றன. இது தவிர, கப்பலை வாடகைக்கு எடுக்கும் எண்ணெய் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு ஆய்வாளரை அனுப்பும். இதற்கு உலக அளவில் இரண்டு முறைகள் பிரபலம்: 1999-இல் வந்த சிஎம்ஐடி, 2010-இல் வந்த ஓவிஐடி. இவற்றில் ஆய்வு செய்பவரும் கடல் அனுபவத்தோடு பயிற்சி பெற்று, அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்கும்? கேள்விப் பட்டியலை டிக் அடிக்க யாராலும் முடியும். கஷ்டம் எங்கே என்றால், கையில் இருப்பது சில மணி நேரம், கப்பலோ பெரிசு. சான்றிதழ்களைப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடக் கூடாது என்பது முதல் பாடம்.

ஒரு உதாரணம். கப்பல் ஓரத்தில் வெள்ளைப் பீப்பாய் மாதிரி ஒன்று பார்த்திருப்பீங்க. உள்ளே மடித்து வைத்த காற்று மிதவை இருக்கும். கப்பல் மூழ்கினால், சுமார் 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தத்திலேயே இயங்கி, மிதவையை விடுவிக்க ஒரு சின்னக் கருவி உண்டு. மிதவையின் கயிற்றை அதிலுள்ள பலவீன வளையத்தில் கட்டாமல் நேராகக் கப்பல் இரும்பில் கட்டிவிட்டால், மிதவையும் கப்பலோடு கீழே இழுபட்டுப் போகும். சான்றிதழ் சரியாக இருக்கும், சர்வீஸ் தேதியும் சரியாக இருக்கும். முடிச்சு மட்டும் தப்பு! பயிற்சி பெற்ற கண் முதலில் அந்த முடிச்சைத்தான் பார்க்கும். காற்றோட்டக் குழாயின் தீத்தடுப்பு மூடி பெயின்ட் ஒட்டி அசையாமல் நிற்பதையும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

இன்னொரு விதி சுவாரசியமானது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். ஓவிஐடி ஆய்வாளர் எந்தக் கருவியையும் தானே இயக்கக் கூடாது. "இந்த அவசரப் பம்பை ஓட்டிக் காட்டுங்க" என்று பணியாளரைக் கேட்க வேண்டும். பம்ப் ஓடுகிறதா என்பதோடு, அதை ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். ஓய்வு நேரப் பதிவையும் பார்ப்பார்: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் சந்தேகம் வர வேண்டும் என்றே சொல்லித் தருவார்கள். கடைசியில் அவர் பாஸ், ஃபெயில் போடமாட்டார். கண்டதை எழுதுவார், கப்பல்காரர் பதில் எழுதுவார், வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் முடிவு. எஃப்.சி.க்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆய்வு ஆச்சு என்றாலே கப்பல் நல்ல கப்பல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால் போனிலேயே சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கப்பல் பணியாளர் வேலை என்றால், ஏஜென்டிடம் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்பதைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வளைகுடா ஒப்பந்த வேலை என்றால் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவைச் சரிபாருங்கள். எந்த வேலையானாலும், கடலில் உயிர் பிழைக்கும் அடிப்படைப் பயிற்சி கொடுக்காமல் நேராக ஏறச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஏறிய முதல் நாளே லைஃப் ஜாக்கெட் எங்கே, அவசர மணி அடித்தால் எங்கே கூட வேண்டும், எந்தப் படகு தனக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூலாம்பட்டியில் நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு ஏறும்போதுகூட இதில் முதல் கேள்வியைக் கேட்கலாம், தப்பில்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. போனில் பதிந்து வைக்க ஒரு நிமிஷம் போதும்.