குட்டி ராட்டினங்கள்: கொடுத்த காசுக்குத் தகுமா?

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை. காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட விடாமல், என் ஓரகத்தி தன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, இதைப் பாருங்களேன். சின்னக் குழந்தைங்களுக்குன்னே புதுசா ராட்டினமெல்லாம் போட்டிருக்காங்களாம். பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? டிக்கெட்தான் யானை விலை, குதிரை விலை சொல்றாங்க. போட்ட காசுக்குப் பிரயோஜனம் இருக்குமா?"

பாப்பாவுக்கு மூன்றரை வயது. படத்தில் தும்பி மாதிரி ஒரு ராட்டினம், சுற்றும் டீக் கோப்பைகள், தவளை போலத் துள்ளும் ஆசனம், பூப்போட்ட குட்டி ரயில் எல்லாம் கண்ணைப் பறித்தன. ஆனாலும், "தாராளமா போகலாமே!" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், பதினான்கு வருஷத்துப் பழைய கதை ஒன்று. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போல் இன்னொரு தாய் செய்யாமல் இருக்கட்டும்.

நான் செய்த தப்பு

அப்போது என் பிள்ளைக்கு நாலு வயது. இவருக்கு போனஸ் வந்திருந்தது. குடும்பத்தோடு ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். அங்கே கம்பளிப்பூச்சி வடிவத்தில் ஒரு குட்டி ரயில், மேடு பள்ளமாக ஓடும். வரிசையில் நிற்கும்போதே அவன் என் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்றான். நானோ, "காசு கொடுத்தாச்சுடா. ஒரே ஒரு தடவை உட்காரு. எத்தனை பசங்க ஜாலியா போறாங்க, பாரு" என்று தூக்கி உட்கார வைத்துவிட்டேன். பெரியவர்களுக்கு அதில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே நின்றேன்.

முதல் சுற்றில் கத்தினான். இரண்டாவது சுற்றில் கத்தவில்லை. "பயம் தெளிஞ்சுடுச்சு" என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். இறக்கும்போதுதான் தெரிந்தது, பிள்ளை விறைத்துப் போயிருந்தான். டிராயர் நனைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சங்கடத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

அதோடு மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அவனுக்குப் பத்து வயதானபோது ஊர்த் திருவிழாவில், "ராட்டினத்தில் ஏறுடா" என்றதற்கு, மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு இறங்கணும்னு எவ்வளவு கத்தினேன்மா! நீ சிரிச்சே."

ஆறு வருஷம் அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறான்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அவன் கல்லூரியில் முதல் வருஷம். இன்றுவரை ராட்டினம் என்றால் எட்டத்தான் நிற்பான்.

அன்றும் இன்றும்

எங்கள் சிறு வயதில் ராட்டினம் என்றால் திருவிழா ராட்டினம்தான். நாலு மரப்பெட்டி, அதைக் கையால் தள்ளிச் சுற்றும் ஓர் ஆள், கையில் ஒரு குச்சிமிட்டாய். 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளி மாணவி. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் அமைத்த பூங்கா அது. பிறகு 2000-ல் கொச்சி அருகே வீகாலேண்ட் வந்தது. அதுதான் பின்னாளில் வொண்டர்லா என்று பெயர் மாறி, பெங்களூர், ஹைதராபாத் என்று பரவி, 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்திலும் திறந்தது.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் பெரியவர்கள் ஏறுவார்கள். சின்னதுகள் பையோடு பையாகக் கீழே நிற்கும். இப்போது அவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்குகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் 'குழந்தைகளுக்கானது' என்று பலகை வைத்துவிட்டால் அது *நம்* குழந்தைக்கானது என்று ஆகிவிடுமா? அதை நேரில் பார்த்துவிடலாம் என்று கடைசியில் நானும் கிளம்பினேன். நான், ஓரகத்தி, பாப்பா, பை தூக்கவும் துணைக்கும் என் பிள்ளை. நாங்கள் போனது எந்தப் பூங்கா என்பது இங்கே முக்கியமில்லை. என் வீட்டுக் கணக்கு நோட்டும் கைப்பையில் கூடவே வந்தது.

வயது அல்ல, உயரம்

உள்ளே போனதும் முதல் ஏமாற்றம் அளவுகோல். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு கோடு. பாப்பாவின் உயரம் 97 செ.மீ. அவள் ஆசைப்பட்ட தவளைக்கு 100 செ.மீ. வேண்டும்.

"மூணு சென்டிமீட்டர்தானே அக்கா? குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டு விட்டுடலாமா?" என்று காதில் கிசுகிசுத்தாள் ஓரகத்தி. "அந்த வேலையே வேண்டாம்" என்று தடுத்துவிட்டேன்.

அந்தக் கோடு வீம்புக்குப் போட்டதல்ல. ஆசனத்தின் கம்பியும் பட்டையும் ஒரு குறிப்பிட்ட அளவு உடம்புக்குத்தான் சரியாகப் பிடிக்கும். உடம்பு சிறியதாக இருந்தால், குலுங்கும்போது கீழ்ப்பக்கமாக நழுவிவிடும். மேலும், சிறு குழந்தைக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் தலை பெரிது; கழுத்துக்கோ பலம் போதாது. திடீரென்று வெட்டி இழுத்தால் தாங்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். தாயும் குழந்தையும் அருகருகே உட்கார, இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்குகிறது பாருங்கள், அது பெரியவரின் தொடையில் இடித்து நின்றுவிடும். குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி! அப்படிப்பட்டதில், அனுமதித்தாலும்கூட, சின்னதை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, சராசரி உயரம் 2 வயதில் சுமார் 87 செ.மீ., 3 வயதில் 95 முதல் 96, 4 வயதில் 103, 5 வயதில் 110. உங்கள் குழந்தை இதற்கு இரண்டு மூன்று செ.மீ. குறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பூங்காவின் உயர அளவை முன்கூட்டியே போன் செய்தாவது கேட்டுக்கொண்டால், வாசலில் நின்று அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் வேலை மிச்சம்.

தலை ஏன் சுற்றுகிறது?

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றில் திரவமும் இருக்கின்றன. நாம் சுற்றும்போது அந்தத் திரவமும் நகரும். சுற்றுவது நின்ற பிறகும் அது உடனே அடங்குவதில்லை. கண் 'நின்றுவிட்டோம்' என்கிறது. காது 'இன்னும் சுற்றுகிறோம்' என்கிறது. அந்தச் சண்டைதான் மயக்கமும் குமட்டலும். 2 வயது முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம்.

அதற்காகச் சுற்றுவதே கெடுதல் என்று பயப்பட வேண்டாம். ஊஞ்சலும், தட்டாமாலை சுற்றுவதும் குழந்தையின் உடல் சமநிலைக்கு நல்ல பழக்கம்தான். இட்லியும் பாலும் கொடுத்த கையோடு டீக் கோப்பையில் உட்கார வைப்பதுதான் தப்பு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது போகட்டும். ஒரு ராட்டினத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

என் கணக்கு நோட்டு

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். காலை பத்தரைக்கு நுழைந்து மாலை ஐந்துக்கு வெளியே வந்தோம். ஆறரை மணி நேரம். பாப்பா ஏறியது ஏழு தடவை. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று நிமிஷம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 19 நிமிஷம்! வரிசையில் நின்ற நேரம் மட்டும் இரண்டு மணி பத்து நிமிஷம். நுழைவுச்சீட்டு, சாப்பாடு, கார் வாடகை எல்லாமாக 8,000 ரூபாயை நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு.

ஏழில் மூன்று தடவை ஏறியது எதில் தெரியுமா? புதிதாக வந்த தும்பியோ ரயிலோ இல்லை. ஆதி காலத்துக் குதிரை ராட்டினம்! காரணம், அதில் மட்டும்தான் அவள் பக்கத்தில் அம்மாவோ நானோ நிற்க முடிந்தது. மற்றவற்றில் தனியாக உட்கார்ந்து, சிரிக்காமல், வேலிக்கு வெளியே எங்களைத் தேடிக்கொண்டே சுற்றினாள். நாங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பூங்காவில் தன் பெண்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலேண்ட் திறந்தது. இத்தனை பெரிய தொழிலுக்கு வித்து, பெஞ்சில் தனியாக உட்கார்ந்த ஒரு தகப்பனின் ஏக்கம்தான்! அதை மறந்துவிட்டு இன்றைக்கும் நாம் வேலிக்கு வெளியே நிற்கலாமா?

அப்படியானால் போகலாமா, வேண்டாமா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மூன்று வயதுக்குள் என்றால் வேண்டவே வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பூங்கா ஊஞ்சலும் சறுக்குமரமும் போதும். சென்னையில் கிண்டி சிறுவர் பூங்கா இருக்கிறது. கடற்கரையில் கையால் சுற்றும் குட்டி ராட்டினம் இருக்கிறது.

மூன்றிலிருந்து ஐந்து வரை, நீங்களும் கூட ஏறக்கூடிய மெதுவான ராட்டினங்கள் நிறைய இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் தீவுத்திடல் பொருட்காட்சியோ, மதுரை சித்திரைப் பொருட்காட்சியோ போதும். அங்கே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனிச் சீட்டு என்பதால், பிடிக்காவிட்டால் நஷ்டம் குறைவு. ஆனால் அவை தற்காலிகமாகப் பூட்டியவை. ஏற்றுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள். கதவுக் கொக்கி சரியாக விழுகிறதா, இயக்குபவர் சுவிட்சை விட்டு அகலாமல் நிற்கிறாரா என்று கவனியுங்கள்.

ஆறு வயதுக்கு மேல், உயரமும் ஆசையும் இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை தாராளமாகப் போங்கள். அந்த வயதில்தான் கொடுத்த காசுக்குத் தகும்.

போகும்போது சில ஞாபகங்கள்: நீளக் கூந்தலைக் கொண்டையாக முடியுங்கள். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, நாடா எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகள் குழந்தைக்குத் துணை என்றுகூட ஏறக்கூடாது. பல இடங்களில் பருத்தித் துணியுடன் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. நைலான் உடையை எடுத்துச் செல்லுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று அலட்சியம் வேண்டாம். சில அங்குலத் தண்ணீரில்கூடக் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் விட்டுவிடுங்கள். கொடுத்த காசு போனது போனதுதான். குழந்தையை அழவைத்தால் திரும்பி வரப்போகிறதா?

அன்று மாலை கிளம்பும் முன், கடைசியாகத் தும்பி ராட்டினத்தின் வாசலில் பாப்பா தயங்கி நின்றாள். "இன்னும் ஒரு தடவை ஏத்திடலாம் அக்கா, இவ்வளவு செலவு பண்ணிட்டு..." என்று ஓரகத்தி ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தை முன்னால் மண்டியிட்டான்.

"ஏறணுமா, வேண்டாமா? நீயே சொல்லு பாப்பா."

"வேண்டாம் அண்ணா."

"சரி, வா. ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

அவ்வளவுதான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டே போனாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வராத வார்த்தை, என் பிள்ளைக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

சகோதரிகளே, விடுமுறைக்கு எங்கே போவது என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். போகுமுன் குழந்தையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். போன இடத்தில் அதன் மனசையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது சரிதானே?