நூலகத்துக்கு ஒரு குட்டி சர்வர்

நமது சங்க நூலகத்தில் நான்கு பீரோக்கள் நிறையப் புத்தகங்கள் இருப்பது அன்பர்கள் அனைவருக்கும் தெரியும். எந்த பீரோவில் எந்தப் புத்தகம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அதில் தேட வேண்டுமானால் தலைப்பை எழுத்துப் பிசகாமல் தமிழில் தட்ட வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வருவதில்லை. 'கல்கி' என்று இந்தியில் தட்டினால் எக்ஸெல் கையை விரித்துவிடும்.

"ஏ.ஐ. கிட்ட கேட்டா என்ன அங்கிள்?" என்றான், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு உதவிக்கு வரும் கல்லூரி மாணவன். கேட்டோம். கல்கியைப் பற்றி நாலு பாரா அழகாகச் சொல்லியது. நம் பீரோவில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் குறையைத் தீர்க்க எம்.சி.பி. என்றொரு ஏற்பாடு இருக்கிறது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது முழுப் பெயர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 2025 மார்ச்சில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

கல்யாண வீட்டு உக்கிராண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் உள்ளே போவதில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் "என்னென்ன இருக்கு?" என்று கேட்பார், வேண்டியதைச் சொல்வார், வாங்கிக்கொண்டு போவார். ஏ.ஐ. உதவியாளர்தான் சமையல்காரர். நாம் எழுதும் சர்வர், உக்கிராணக்காரர். அவர் எடுத்துத் தரக்கூடிய ஒவ்வொரு காரியத்துக்கும் 'டூல்', அதாவது கருவி, என்று பெயர்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் பெரிய இரும்புப் பெட்டியும் வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். நூலக மேஜையில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும். பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது, அதற்கான இலவச எம்.சி.பி. நூல்தொகுப்பு, பட்டியலை வைக்க எஸ்.க்யூ.லைட் என்ற ஒற்றைக் கோப்பு, இவ்வளவுதான். நாங்கள் எழுதிய நிரல் ஐம்பது வரியைத் தாண்டவில்லை. உதவியாளர் செயலியும் அதே லேப்டாப்பில் இருப்பதால் வெளியிலிருந்து யாரும் நுழைய வாசலே கிடையாது.

முதல் நாள் இணைப்பு கிடைக்கவில்லை. காரணம் நான்தான். "சர்வர் தயார்" என்று திரையில் எழுதும்படி ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறையில் நிரலின் வெளியீட்டு வழி முழுவதும் இருவரும் பேசிக்கொள்வதற்கே உரியது. நடுவில் நான் போட்ட வாழ்த்தை உதவியாளரால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த வரியை எடுத்ததும் வேலை செய்தது. இந்தியில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் உதவியாளரே தலைப்பைத் தமிழுக்கு மாற்றித் தேடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று போனில் கேட்டார். கேட்டுப் பார்த்து, இருக்கிறது என்றேன். இரண்டு பஸ் மாறி வந்தார். பீரோவில் இல்லை, யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். "இருக்குன்னு சொன்னதாலதானே தம்பி வந்தேன்?" என்றார். கருவிக்கு நான் எழுதிய விளக்கக் குறிப்பு 'நூல் இருக்கிறதா என்று பார்க்கும்' என்பது. உண்மையில் அது பட்டியலை மட்டும்தான் பார்த்தது. உதவியாளர் கருவியைப் பற்றி அறிவது அந்தக் குறிப்பிலிருந்துதான். அதில் நான் சொன்ன பொய்யை அது அப்படியே நம்பியது.

உடனே இரவல் பதிவேட்டையும் இணைத்தேன். அதுதான் பெரிய தவறாகிவிட்டது. மறு ஞாயிறு ஒரு பையன் ஒரு நாவலைத் தேடிவிட்டு, "யார்கிட்ட இருக்கு?" என்று தட்டினான். எடுத்துச் சென்ற அம்மாளின் பெயரையும் போன் நம்பரையும் உதவியாளர் பணிவோடு சொல்லிவிட்டது. கருவியை ஓட்டுமுன் செயலி அனுமதி கேட்கும். நான்தான் தொல்லையாக இருக்கிறதென்று 'எப்போதும் அனுமதி' என்று அழுத்தி வைத்திருந்தேன்.

அந்த அம்மாளைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "நான் தனியா இருக்கறவ சார். புஸ்தகம் எடுக்கத்தான் நம்பர் கொடுத்தேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

"நம்பரைச் சொல்லாதேன்னு அதுக்கு ஒரு வரி எழுதிடலாம் அங்கிள்" என்றான் மாணவன். நான் சம்மதிக்கவில்லை. சர்வர் நம் மேஜையில் இருந்தாலும் கருவி தரும் பதில், உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வெளியே சொல்லாவிட்டாலும் நம்பர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். சொல்லக் கூடாததை உக்கிராணத்தில் வைத்துவிட்டு, கொடுக்காதே என்று எச்சரிப்பதைவிட, அங்கே வைக்காமலிருப்பதே சரி.

இப்போது பெயர்களும் நம்பர்களும் காகிதப் பதிவேட்டில் மட்டும் இருக்கின்றன. சர்வரிடம் இருப்பவை தலைப்பு, ஆசிரியர், பீரோ எண், 'உள்ளது' அல்லது 'இரவலில்', திரும்ப வரவேண்டிய தேதி ஆகியவை மட்டுமே. கோப்பைப் படிக்கத்தான் அனுமதி, எழுத அனுமதியில்லை. இரவல் விவரத்தை ஒவ்வொரு ஞாயிறும் நானே கையால் திருத்துகிறேன். 'எப்போதும் அனுமதி'யையும் நீக்கிவிட்டேன்.

குடியிருப்புச் சங்கம், சீட்டுக் கணக்கு, பள்ளி மாணவர் பட்டியல் என்று உங்களில் பலரும் இப்படி ஒன்றை அமைக்க நினைக்கலாம். செய்யுங்கள், கடினமில்லை. நிரலை எழுதுமுன் ஒரு தாளில், எவை வெளியே போகலாம், எவை போகக் கூடாது என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாம் பாகம் திரும்பி வந்துவிட்டது. பெரியவரின் வீட்டுக்கு நானே எடுத்துச் சென்று கொடுத்தேன். அந்த அம்மாளும் சென்ற ஞாயிறு வந்து இரண்டு நாவல்கள் எடுத்துப் போனார்.