நடுவில் நிற்கும் சர்வர்: பிராக்ஸி பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம் வேங்கிக்கால். மனு, சான்றிதழ், பட்டா எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டதால், நெட் நின்றால் இங்கே பாதி வேலை நின்றுவிடும். திரையில் ‘பிராக்ஸி’ என்று ஏதாவது வந்தாலே பலருக்குப் பதற்றம். அடிக்கடி எழும் சந்தேகங்கள் சில:

பிராக்ஸி சர்வர் என்பது திருட்டு வேலைக்கா?

இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கும் நீங்கள் பார்க்கும் தளத்துக்கும் நடுவே நின்று, உங்களுக்காகக் கேட்டு வாங்கித் தரும் சர்வர் அது. தளத்துக்குப் பொதுவாகத் தெரிவது உங்கள் ஐபி முகவரி அல்ல, அந்தச் சர்வரின் முகவரிதான். பினாமி பெயரில் பத்திரம் போடுவது மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இது பாதுகாப்புக்காகவும் சிக்கனத்துக்காகவும் வந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது லைன் நத்தை வேகம். ஒருவர் திறந்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அங்கிருந்தே கொடுத்தால் நேரமும் காசும் மிச்சம். பிறகு பட்டன் போனில் ஓபெரா மினி பக்கங்களைச் சுருக்கிக் கொடுத்ததும் இப்படி நடுவில் நின்ற சர்வர் மூலம்தான்.

ஆபீஸ் லேப்டாப் வீட்டு வைஃபையில் வேலை செய்யவில்லையே?

பல அலுவலகங்களில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே பிராக்ஸி வழியாகத்தான் வெளியே போகும். எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது என்பதை அங்கேயே கட்டுப்படுத்துவார்கள். அந்த முகவரியும், கூடவே 8080 அல்லது 3128 போன்ற போர்ட் எண்ணும் லேப்டாப்பில் பதிந்திருக்கும். வீட்டில் அந்தச் சர்வர் ஏது? விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி என்று போய் அங்குள்ள பட்டனை அணைத்தால் நெட் வந்துவிடும். காலையில் ஆபீஸ் போனதும் திரும்பப் போட்டுவிடுங்கள். நீங்கள் தொடாமலே அது தானாக ஆன் ஆகிக்கொண்டிருந்தால், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என் பாஸ்வேர்டை பிராக்ஸி பார்க்குமா?

எச்.டி.டி.பி.எஸ். தளமென்றால் பொதுவாகப் பார்க்க முடியாது; எந்தத் தளம் என்பது மட்டும் தெரியும். யாராவது சொல்லி அறியாத ‘சர்டிபிகேட்’ எதையும் இன்ஸ்டால் செய்திருந்தால் கதை வேறு.

தட்கல் நேரத்தில் ரயில்வே தளம் எப்படித் தாங்குகிறது?

தளத்தின் பக்கமும் பிராக்ஸி நிற்கிறது. அதற்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். கூட்டத்தை அதுதான் முதலில் எதிர்கொள்ளும். மாறாத படங்களையும் பக்கங்களையும் தானே கொடுத்துவிட்டு, டிக்கெட் கணக்கை மட்டும் உள்ளே அனுப்பும். 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே அறிவித்தது. தானியங்கி ‘பாட்’களை வடிகட்டும் ஏற்பாடும் இந்த முன்வரிசையில் இருக்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. உலகத் தளங்களில் ஏராளமானவை இப்படி ரிவர்ஸ் பிராக்ஸி நடத்தும் ஒரு சில நிறுவனங்களின் பின்னால் ஒதுங்கியிருக்கின்றன. 2025 நவம்பர் 18 மாலை அவற்றில் ஒன்றான கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் பாட்களைக் கண்டறியும் ஒரு ஃபைல் அளவு மீறிப் பெருத்தது. எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல சேவைகள் தடுமாறின. அன்று உங்கள் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருந்திருக்காது.

இலவச வி.பி.என். ஆப் போடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். வி.பி.என்.னும் பிராக்ஸி மாதிரி நடுவில் நிற்கும் சர்வர்தான்; அதை நடத்தக் காசு ஆகும். உங்களிடம் வாங்காதவர் வேறெங்கோ வாங்குகிறார். 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய ‘911 எஸ்5’ வலைப்பின்னலைப் பாருங்கள். மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். போன்ற இலவச மென்பொருட்களைப் போட்டவர்களின் கம்ப்யூட்டர்களையே அது பிராக்ஸியாக்கி, குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. சுமார் 190 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. மோசடி செய்தவன் எங்கோ இருக்க, பதிவில் நிற்பது வீட்டுக்காரரின் முகவரி.

போனில் அப்படி ஏதாவது ஆப் இருந்தால் இன்றே நீக்குங்கள். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.