ஆலங்குடாவின் மணலும் விஞ்ஞானக் கல்வியும்

பாலை என்பது தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்தாகும். நிலத்தின் தன்மை மாறக்கூடியது, அம்மாற்றத்துக்குக் காரணமும் உண்டு என்னும் உண்மை இக்கருத்தினுள் அடங்கியுள்ளது. காரணத்தை அளந்து அறிவது விஞ்ஞானத்தின் பணி. ஆயினும் வறள்நிலம் என்றவுடன் மாணவர் உள்ளத்திலே தோன்றுவன பாடநூற் படங்களிற் கண்ட ஒட்டகமும் கள்ளியுமே. அந்நிலத்தை நேரிற் கண்டு கற்றல் வேறொரு கல்வியாகும்.

பிற நாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 1952 ஆம் ஆண்டில் இந்தியாவின் சோத்பூர் நகரிற் பாலைவனக் காடாக்க நிலையமொன்று அமைக்கப்பட்டது. அது 1959 இல் மத்திய வறள்வலய ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அதே 1952 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தூசான் நகருக்கு அண்மையில், சொனோரன் பாலைவன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆங்கே பாலைவாழ் விலங்குகளும் செடிகளும் தமக்கு இயல்பான சூழலில் உயிருடன் வைக்கப்பட்டுள்ளன. மாணவர் வெயிலில் நடந்தே பாடங் கேட்கின்றனர்.

இலங்கையிலே உண்மைப் பாலைவனம் இல்லை. பாலைவனத்தில் ஆண்டு மழை பொதுவாக 250 மில்லிமீற்றருக்குக் குறைவு. எனினும் மன்னார் முதற் புத்தளம் வரையுள்ள வடமேற்குக் கரையும், தென்கிழக்கே அம்பாந்தோட்டைப் பகுதியும், 1250 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறும் வறள் வலயங்களாகும். அம்மழையிலும் பெரும்பங்கு ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. கற்பிட்டித் தீபகற்பத்தில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ அமைந்த ஆலங்குடா, நெய்தலும் பாலையும் ஒருங்கே பயிலத்தக்க இடமாகும்.

முதற் பாடம் மணலிலேயே தொடங்கலாம். நண்பகலில் வெப்பமானியொன்றை மணலின் மேற்பரப்பிலும், மற்றொன்றை ஒரு சாண் ஆழத்திலும் வைத்து நோக்கின், இரண்டும் பெரிதும் வேறுபடும். பகலில் நண்டு வளையினுட் புகுவதன் காரணம் இவ்வேறுபாட்டினாலேயே பெரிதும் விளங்கும். இராவணன் மீசைப் புல்லின் ஊசியிலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. அதன் உருண்டைக் கதிர்கள் காற்றில் உருண்டு விதை பரப்புகின்றன. அடம்பங்கொடி கணுக்கள்தோறும் வேரூன்றி மணலைப் பிணிக்கின்றது. களப்பின் கரைக்குச் சென்றால், உவர்நீரை எதிர்கொள்ளும் இருவேறு வழிகளைக் காணலாம். கண்டல் மரம் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுக்கின்றது. கண்ணா மரமோ உட்புகுந்த உப்பை இலை வழியே வெளியேற்றுகின்றது. அவ்விலையை நாவில் வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு நெடிய விளக்கம் வேண்டுவதில்லை.

இவை யாவற்றினும் சிறந்த ஆய்வுகூடம் வீட்டுக் கிணறேயாகும். இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த மணற்றிட்டில் நன்னீர் ஊறுவது எங்ஙனம்? கடல்நீர் நன்னீரிலும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. ஆதலின் மணலிற் புகுந்த மழைநீர் உவர்நீரின் மீது வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நிற்பின், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருத்தல் கூடும். ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும், செருமானியரான ஏர்ட்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே எடுத்துரைத்த விதி இதுவாகும். இதன் மறுபக்கமே கருதற்பாலது. நீர்மட்டம் நிலையாக ஒரு சாண் தாழுமாயின், அவ்விதியின்படி அடியிலுள்ள உவர்நீர் நாற்பது சாண் மேலெழ இடமுண்டு.

இஃது ஏட்டுக் கணக்கன்று. இத்தீபகற்பத்து மணலில் வெங்காயமும் மிளகாயும் ஆழமற்ற கிணற்று நீராலேயே விளைகின்றன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலருக்கு இம்மண்ணே புகலிடமாயிற்று. அவர்தம் தாகத்தைத் தீர்த்ததும் இந்நீரே. மணல் நீரை விரைந்து உள்வாங்குவது போலவே பசளையையும் விரைந்து கீழே விடுகின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கற்பிட்டிப் பகுதியின் பயிர்நிலக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடக்கப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்று மிக்க நீர் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை; கொதிக்க வைப்பதனாலும் அது நீங்காது. கண்ணாற் காண முடியாத இத்தீங்கை அளவையினால் மட்டுமே அறியலாம்.

எனவே வெளிக்களக் கல்வி, ஆண்டுக்கொருமுறை பேருந்தேறிச் சென்று திரும்பும் உல்லாசப் பயணமாகி முடிந்துவிடலாகாது. ஒரே கிணற்றை, ஒரே நாழிகையில், வாரந்தோறும் அளத்தல் வேண்டும். முடிச்சிட்ட கயிறொன்றால் நீர்மட்டத்தையும், எளிய சோதனைத் தாளால் நைத்திரேற்றையும், வாயகன்ற கலமொன்றால் மழையையும் அளந்து குறிப்பேட்டிற் பதிதல் கூடும். ஓராண்டுக் குறிப்பு மாரிக்கும் கோடைக்குமுள்ள வேறுபாட்டைக் காட்டும். பத்தாண்டுக் குறிப்பு ஊரின் வருங்காலத்தைக் காட்டும். ஒரு வகுப்பார் விட்ட இடத்தில் அடுத்த வகுப்பார் தொடர்வாராயின், அக்குறிப்பேடு பாடசாலையின் உடைமையாக மட்டும் நில்லாது ஊரின் உடைமையுமாகும்.

கிணற்றின் அளவை அறிந்த மாணவன் வீடு திரும்பித் தந்தையிடம், இவ்வாரம் நீர் இத்துணை தாழ்ந்துள்ளது, பசளையைக் குறைத்திடுவோம் என்று சொல்லும் நாளிலேயே விஞ்ஞானக் கல்வி தன் பயனை எய்தும். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்றனர் முன்னோர். நெய்தல் பாலையாகத் திரியாமற் காத்தல் இன்று கற்போர் கடனாகும்.