ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு! எதை வாங்குவது?

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டில் ஒரு கூடுதல் வேலை உண்டு. சொந்தக்காரர்கள் யார் எந்தப் பார்ட் வாங்கினாலும் முதல் போன் நமக்குத்தான் வரும். 2025-ல் மதுரையிலிருந்து சித்தப்பா பேசினார். தம்பி கல்லூரியில் அனிமேஷன் சேர்ந்திருந்தான். வீட்டில் இருந்தது ஏதோ ஓர் அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த டவர் கம்ப்யூட்டர். பிளெண்டர் மென்பொருளில் ஒரு சின்னக் காட்சியை ரெண்டர் செய்ய இரவு முழுக்க ஓடியது.

"என்ன கார்டுப்பா போடணும்?" என்றார் சித்தப்பா. நானும் வேலை அவசரத்தில், "ஆர்டிஎக்ஸ் 3050 போதும் சித்தப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாளே வாங்கிவிட்டார். "நீ சொன்ன விலையைவிட மூவாயிரம் கம்மியா முடிச்சிட்டேன்டா!" என்று ஒரே சந்தோஷம். அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் 6 ஜிபி என்று இருந்தது. நான் மனதில் வைத்திருந்தது 8 ஜிபி கார்டு. சீட்டு எடுத்த பணம் ஆயிற்றே என்று எனக்குப் பகீரென்றது. "பெட்டியைப் பிரிக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாத்தித் தர்றேன்" என்றேன்.

2 ஜிபி மட்டும்தானே வித்தியாசம் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

பெயர் ஒன்று, உள்ளே வேறு

என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டை 2022 ஜனவரியில் வெளியிட்டது. அதில் 8 ஜிபி மெமரி, 2560 கோர்கள். கோர் என்பது கணக்குப் போடும் சிறு பிரிவு. 2024 பிப்ரவரியில் அதே பெயரில் 6 ஜிபி கார்டு வந்தது. அதில் கோர்கள் 2304தான். மெமரிக்குச் செல்லும் பாதையின் அகலமும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்துவிட்டது.

மெமரியைத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதைதான் குழாய். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் சின்னதாக இருந்தால் வாளி நிறைய நேரமாகும். 8 ஜிபி கார்டில் நொடிக்கு 224 ஜிபி தகவல் பாயும். 6 ஜிபி கார்டில் 168 ஜிபி மட்டுமே.

இது புதிய வழக்கமும் அல்ல. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் 6 ஜிபி வகைக்கு 1280 கோர்கள், 3 ஜிபி வகைக்கு 1152 கோர்கள். 2017-ல் வந்த ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது. வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபிதான். இரண்டிலும் மெமரி 2 ஜிபி என்பதால், ஜிபியை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறும் உண்டு. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகள். இரண்டிலும் கோர்கள் 4352, வேகம் 288 ஜிபி. தொட்டி மட்டும்தான் பெரிது. பெரிய காட்சிகளை ரெண்டர் செய்பவருக்கு அது பயன்படும். கடிதம் அடித்து, படம் பார்ப்பவருக்கு வீண் செலவு.

கேபினட்டைத் திறந்தபோது

ஞாயிறு காலை மதுரை போய்ச் சேர்ந்தேன். கடைக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிடலாம் என்று கேபினட்டைத் திறந்தேன். எஸ்எம்பிஎஸ் 300 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கான தனி மின் ஒயர் அதில் இல்லவே இல்லை!

ஆர்டிஎக்ஸ் 3050-ன் 8 ஜிபி கார்டுக்கு 130 வாட் மின்சாரம் வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட் மட்டுமே. மீதிக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பெரும்பாலும் 8 பின் ஒயர் வர வேண்டும். இதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை என்விடியா பரிந்துரைக்கிறது. 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். ஸ்லாட்டிலேயே ஓடிவிடும். வேறு ஒயரை மாற்றிச் செருகிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சின்ன எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஆக, நான் 'சரி' என்று நினைத்த கார்டு வந்திருந்தால் பெட்டியிலேயே தூங்கியிருக்கும். விலை பார்த்து சித்தப்பா வாங்கிய கார்டுதான் அந்த வீட்டுக்கு ஏற்றது. கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பெயரை மட்டும் சொன்னது என் தப்பு. அதைச் சித்தப்பாவிடமும் சொன்னேன்.

கடைக்குப் போகும் முன்

1. கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளில் வாட் எவ்வளவு, 6 பின் அல்லது 8 பின் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு வைக்க நீள அகலம் இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

2. கார்டின் பெயரோடு மெமரி அளவு, மெமரி வகை, பிட் அகலம், கோர் எண்ணிக்கை நான்கையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் இல்லாததைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

3. 'ஓசி' என்றோ, இரண்டு ஃபேன், மூன்று ஃபேன் என்றோ விலை கூட்டினால் அவசரப்படாதீர்கள். ஓசி கார்டில் வேகம் கொஞ்சம்தான் கூடும். கூடுதல் ஃபேன் சூட்டையும் சத்தத்தையும் குறைக்க உதவும். குறைந்த வகைக் கார்டை அவை மேல் வகையாக மாற்றிவிடாது.

4. கார்டைப் பொருத்தியதும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, தாளில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அன்று கார்டைப் பொருத்தி, டிரைவர் போட்டேன். பிளெண்டரின் பிரிபரன்சஸ் பகுதிக்குள் சென்று, ரெண்டர் வேலையைக் கார்டுக்கு மாற்றினேன். இதைச் செய்யாவிட்டால் எந்தக் கார்டு போட்டாலும் பழையபடி பிராசசர்தான் உழைத்துக்கொண்டிருக்கும். இரவு முழுக்க ஓடிய அதே காட்சியைத் தம்பி மறுபடி ரெண்டருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்தான். கை கழுவுவதற்குள் முடிந்திருந்தது.

இப்போதெல்லாம் யாராவது கார்டு பற்றிக் கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. "முதல்ல எஸ்எம்பிஎஸ் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்கிறேன்.