முதுகு அறுவைக்குப் பின்னும் வலியா? கணக்குப் பார்ப்போம்!



மின்னி பேயில் வாழும் நமக்குச் சென்னை என்றால் கப்பலில் சுமார் மூன்று நாள். முதுகில் அறுவை செய்தும் வலி தீராதவருக்கு அந்தப் பயணமே சோதனை. மறுபடியும் போகலாமா, வேண்டாமா?

ரயில்வேயில் ஓர் இயந்திரம் வாங்கினால் விலையை மட்டும் பார்க்க மாட்டோம். எத்தனை ஆண்டு உழைக்கும், பராமரிப்புக்கு என்ன ஆகும் என்றும் பார்ப்போம். வைத்தியத்துக்கும் அதே கணக்குத்தான்.

தண்டுவடத்தருகே மெல்லிய மின்கம்பி பதித்து வலியை மட்டுப்படுத்தும் கருவி ஒன்று உண்டு. செலவு லட்சக்கணக்கில், பாட்டரி தீர்ந்தால் மாற்ற மீண்டும் ஒரு சிறு அறுவை. ஆறு மாதமாகியும் கடும் நரம்புவலி குறையாதவருக்கு, முன்னோட்டமாகப் பொருத்திப் பலன் தெரிந்தால் மட்டும் இதைப் பொருத்தலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2008-ல் பரிந்துரைத்தது. ஆனால் 2022-ல் வெளியான நார்வே ஆய்வில், முதுகு அறுவை செய்த 50 பேரிடம் ஒருவகை மின்துடிப்பைச் சோதித்தபோது, கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை!

ஆகவே செலவு குறைந்ததில் தொடங்குவோம்: பிசியோதெரபி, தினசரி நடை, எடைக் குறைப்பு. அடுத்த அறுவைக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: வலிக்குக் காரணம் என்ன? பலன் எவ்வளவு காலம் நிற்கும்? கப்பல், தங்குமிடம், துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: திடீரெனக் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ கணக்கே வேண்டாம். உடனே ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.